பார்கு ஓவியப் பாடத்தொகுதி

பார்கு ஓவியப் பாடத்தொகுதி என்பது பார்த்து வரைந்து ஓவியம் பழகுவதற்கான பிரெஞ்சுக் கல்லச்சுப் படங்களின் தொகுப்பு. ஷார்ல் பார்கு, ஜான் லெயோன் ஜெரோமின் துணையுடன் உருவாக்கிய இதை 1866 முதல் 1871 வரை பாரிஸின் கூப்பில் நிறுவனம் வெளியிட்டது.

மொத்தம் 197 படங்கள் மூன்று பகுதிகளாக அமைந்துள்ளன. முதற்பகுதி சுதை வார்ப்புகளைக் காட்டும் 70 படங்கள். மூன்றாவது, ஆண் மாதிரியின் 60 கோட்டுருவங்கள். உருவப்படம் பழகுவோருக்கு இரண்டாம் பகுதியே உயிர்நாடி: தேர்ந்த ஓவியர்களின் படைப்புகளைக் காட்டும் அதன் 67 படங்களில் ஹான்ஸ் ஹோல்பைனின் முகச்சித்திரங்கள் பல இடம்பெற்றுள்ளன. நிழலைப் பெரிதும் நம்பாமல், இமையின் விளிம்பையும் உதட்டின் பிளவையும் ஒற்றைக் கோட்டால் ஆளின் சாயலாக்கிய ஹோல்பைனைப் பிரதி எடுப்பவருக்குப் பிழையை மறைக்க இடமில்லை.

முதற்பகுதியின் பல படங்களில் வரையும் படிநிலைகளும் காட்டப்பட்டுள்ளன. கண்ணின் வளைவுகூட முதலில் சில நேர்கோடுகளாகவே குறிக்கப்படும். பிறகு நிழலின் எல்லை வகுக்கப்பட்டு, இடைநிறங்கள் இறுதியில் சேரும்.

வின்சென்ட் வான்கோ 1880இல் பெல்ஜியச் சுரங்கப் பகுதியில் இருந்தபோது இதைக் கொண்டு தாமே பயின்றார். 1881இல் ஹோல்பைனின் யாகோப் மேயர் மகள் படத்தை இதிலிருந்து பிரதி செய்தார். இருபதாம் நூற்றாண்டில் வழக்கொழிந்த தொகுதியை, 2003இல் ஜெரால்டு ஆக்கர்மன் பதிப்பித்த மறுவெளியீடு மீண்டும் பயிற்சிக்கூடங்களுக்குக் கொண்டுவந்தது.