ரிவோலி வீதியில் நிற்கும் தளபதி

பாரிஸில் லூவர் அரும்பொருளகத்துக்குப் பக்கத்தில் ஒரட்டுவார் என்ற புரட்டஸ்தாந்து தேவாலயம் இருக்கிறது. அதன் பின்புறம், ரிவோலி வீதியைப் பார்த்தபடி, வெள்ளைக் கல்லில் ஒரு தளபதியின் சிலை. 1889இல் வைத்தது. இரு பக்கமும் இரண்டு பெண்கள்: ஒருத்தி தாய்நாடு, மற்றவள் சமயம். கீழே விரித்த வேதாகமம். எங்கள் வாலிபர் கூட்டம் போன வருடம் அந்த வழியால் போனபோது ஒரு தம்பி கேட்டார்: "அக்கா, வாள் வைத்திருக்கிறவருக்குக் கோவிலில் என்ன வேலை? இவர் இரத்தசாட்சியா, சண்டைக்காரரா?" அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

அவர் பெயர் காஸ்பார் டி கொலினி. 1519இல் ஒரு பெரிய பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். அரசனின் படைத்தலைவரான மொன்மொரன்சி அவருக்குத் தாய்மாமன். மாமனின் தயவால் கதவுகள் சீக்கிரம் திறந்தன. 1547இல் காலாட்படையின் தலைவர், 1552இல் பிரான்சின் அட்மிரல். அட்மிரல் என்பது பெரிய பதவி, ஆனால் அவர் போர் செய்ததெல்லாம் தரையில்தான். காலாட்படைக்கு அவர் போட்ட சட்டங்கள் பெயர் பெற்றவை. கொள்ளையடிக்கக் கூடாது, தெய்வ நிந்தனை பேசக் கூடாது, மீறினால் கடும் தண்டனை. சம்பளம் ஒழுங்காகக் கிடைக்காத படைகள் ஊர்களைச் சூறையாடி வயிறு வளர்த்த காலம் அது.

அரண்மனையில் அவருக்கு ஒரு உற்ற நண்பன் இருந்தான். ஒரே வயது, ஒரே கனவு. அவன் பெயர் பிரான்சுவா, பிற்பாடு கீஸ் கோமகன். இந்தப் பெயரை மறக்காதீர்கள். பதவிப் போட்டியில் முதலில் நட்பு கசந்தது, விசுவாசம் பிரிந்தபோது பகையானது.

1557இல் ஸ்பானிய அரசனின் படை சான் கன்டான் நகரை முற்றுகையிட்டது. உள்ளே கொலினி, ஆட்கள் குறைவு, மதில் பழசு. ஓகஸ்ட் 10ஆம் திகதி உதவிக்கு வந்த மாமனின் படை வெளியே நொறுங்கிப் போனது. அதன் பிறகும் பதினேழு நாள் நகரை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த நாட்களில்தான் பாரிஸ் தப்பியது என்று பலர் சொல்வார்கள். நகரம் விழுந்ததும் அவர் சிறைக் கைதியானார். சிறையில் வேதாகமத்தையும் சீர்திருத்த சபையாரின் நூல்களையும் வாசித்தார். 1558இல் கல்வின் ஜெனிவாவிலிருந்து அவருக்குக் கடிதம் எழுதினார். மீட்புப் பணம் கட்டி வெளியே வந்தபோது அவர் வேறு மனிதர். ஹியூகனோக்கள் என்று அழைக்கப்பட்ட பிரான்சின் சீர்திருத்த சபையாரோடு சேர்ந்துகொண்டார். 1560இல் அரசன் முன்னால் நின்று, அவர்கள் பயமில்லாமல் ஆராதிக்க இடம் கேட்டு மனுக் கொடுத்தார். எதிர்த்துப் பேசியவர் அதே பழைய நண்பன்.

1562 மார்ச் 1. வாசி என்ற ஊரில் ஒரு களஞ்சியத்தில் ஆராதனை செய்துகொண்டிருந்த சபையார்மேல் கீஸ் கோமகனின் ஆட்கள் பாய்ந்தார்கள். பலர் செத்தார்கள். யுத்தம் மூண்டது. ஆனால் கொலினி உடனே வாள் எடுக்கவில்லை. அவர் மனைவி ஷார்லொட் இரவில் அழுதுகொண்டு, சகோதரர்கள் சாகும்போது நீங்கள் தூங்குகிறீர்களா என்று கேட்டாராம். தோல்வியை, நாடு விட்டு ஓடுவதை, பிள்ளைகளின் பசியைத் தாங்குவாயா, மூன்று வாரம் யோசித்துச் சொல் என்றாராம் கொலினி. மூன்று வாரமும் முடிந்துவிட்டது என்றாராம் அந்த அம்மா. பின்னாளில் ஒரு ஹியூகனோ எழுத்தாளர் எழுதியது இது. சொற்கள் அப்படியே இருந்திருக்குமோ தெரியாது, ஆனால் யுத்தத்தில் இறங்குமுன் அவர் தயங்கினார் என்பது உண்மை. ஷார்லொட் 1568இல் ஓர்லியோனில் நோயாளிகளையும் காயக்காரரையும் பராமரித்தபோது காய்ச்சல் பிடித்து இறந்தார். சிலையில் அவருக்கு இடமில்லை. ஒரு தாதியாக எனக்கு அதில் சின்ன வருத்தம்.

இனி எனக்குக் கஷ்டமான பகுதி. 1563 பெப்ரவரியில் கீஸ் கோமகனை ஒருவன் மறைந்திருந்து சுட்டுக் கொன்றான். பிடிபட்டவன் சித்திரவதையில் கொலினியின் பெயரைச் சொன்னான். கொலினி மறுத்தார். வேவு பார்க்கத்தான் பணம் கொடுத்தேன், கொல்லச் சொல்லவில்லை, அவனைச் சாகடிக்காமல் என் முன் நிறுத்தி விசாரியுங்கள் என்றார். அவனை உடனே கொன்றுவிட்டார்கள். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் கொலினி ராஜமாதாவுக்கு எழுதிய கடிதத்தில், இந்த மரணம் நாட்டுக்கும் தேவனுடைய சபைக்கும் தன் வீட்டுக்கும் கிடைத்த பெரிய நன்மை என்றும் எழுதினார். பொய் சொல்லத் தெரியாதவர் என்று அவரை மெச்சுவோர் உண்டு. எனக்கு அந்த வரியை மெச்ச முடியவில்லை. ஒருகாலத்து நண்பனின் பிணத்தைப் பற்றி எழுதிய வரி அது. 1566இல் அரசவை அவரைக் குற்றமற்றவர் என்று தீர்த்தது. ஆனால் தகப்பன் சாகும்போது பன்னிரண்டு வயதாயிருந்த ஹென்றி என்ற மகன் அதை ஏற்கவில்லை.

சண்டைகளில் கொலினி பெரும்பாலும் தோற்றவர். 1569இல் ஜார்னாக்கில் தோல்வி. மொன்கொந்தூரில் முகத்தில் காயத்தோடு இன்னொரு தோல்வி. ஆனால் சிதறிய படையைக் கூட்டி, தெற்குப் பிரான்ஸ் முழுக்கச் சுற்றி நடத்தி, அடுத்த வருடம் தலைநகரை மிரட்டும் தூரத்துக்கு வந்துவிட்டார். 1570 ஓகஸ்டில் அரசன் சமாதானம் செய்தான். இளம் அரசன் ஒன்பதாம் சார்ல்ஸ் அவரை "என் தகப்பனே" என்று அழைக்கத் தொடங்கினான்.

1572 ஓகஸ்ட் 22, வெள்ளி. லூவரிலிருந்து நடந்து வரும்போது ஒரு ஜன்னலிலிருந்து சுட்டார்கள். வலது கையில் ஒரு விரல் சிதைந்தது, இடது கையில் சன்னம் தங்கியது. வைத்தியம் செய்தவர் அம்ப்ருவாஸ் பாரே. தாதியர் படிப்பில் இந்தப் பெயரைக் கேட்டிருக்கிறேன். துப்பாக்கிக் காயத்தில் கொதிக்கும் எண்ணெய் ஊற்றும் வழக்கத்தை 1537இல் கைவிட்டு, முட்டை மஞ்சட்கருவும் ரோஜா எண்ணெயும் டர்பன்டைனும் கலந்து கட்டிப் பார்த்தவர். மயக்க மருந்து இல்லாத காலம். கத்தரி மொட்டையாக இருந்ததால் விரலைத் துண்டிக்க மூன்று தரம் வெட்ட வேண்டியிருந்ததாம். சுற்றி நின்றவர்கள் அழ, கட்டிலில் கிடந்தவர் அவர்களைத் தேற்றினாராம். பாரிஸ் சபையின் ஏழைகளுக்குப் பணம் கொடுக்கச் சொன்னாராம்.

பாரிஸை விட்டு உடனே போவோம் என்று சிலர் வற்புறுத்தினார்கள். மருமகன் டெலினி அரசனின் வார்த்தையை நம்பி, இருப்போம் என்றார். அரசன் அனுப்பிய காவலருக்குத் தலைவன் கொலினிக்கு வேண்டாதவன். ஞாயிறு விடியுமுன் கதவை உடைத்து வந்தவர்களை அந்தக் காவலர் தடுக்கவில்லை. கட்டில் காயக்காரரைக் குத்தி ஜன்னலால் முற்றத்தில் எறிந்தார்கள். முற்றத்தில் நின்று அது அவர்தானா என்று பார்த்தவன் ஹென்றி, கீஸ் கோமகனின் மகன். அன்றும் அடுத்த நாட்களிலும் பாரிஸில் ஹியூகனோக்கள் ஆயிரக்கணக்கில் வெட்டுப்பட்டார்கள். பிள்ளைகளையும் விடவில்லை.

தம்பிக்கு என் பதில் இதுதான். தன் சபைக்காக உயிர் போனவர், ஆகவே இரத்தசாட்சி என்று சொல்லலாம். ஆனால் சிலையின் வாளைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கடிதம்தான் ஞாபகம் வரும். நான் மதிக்கிற கொலினி அந்த இரண்டு நாள் கட்டிலில் கிடந்தவர்.

அவருடைய மகள் லூயிஸ் அந்த ஒரே இரவில் தகப்பனையும் கணவன் டெலினியையும் இழந்தார். 1583இல் ஒல்லாந்தரின் தலைவர் ஒரேஞ்ச் வில்லியத்தை மணந்தார். அடுத்த வருடம் டெல்ஃப்டில் அவரையும் ஒருவன் சுட்டுக் கொன்றான். கைக்குழந்தையாயிருந்த மகன் பிரெடெரிக் ஹென்றி வளர்ந்து, பாட்டனைப் போலவே, ஒரு தளபதியானார்.