அயலகத்தில் தமிழாசிரியர்: பாளையங்கோட்டை முதல் ஆக்ஸ்போர்டு வரை

ஆய்வுச்சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையில் பணியாற்றிய சி.டி.இ. இரேனியஸ், ஜி.யு. போப் ஆகிய இருவரின் பணிச்சூழலை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. அயலகத்தில் மொழி கற்பித்தலின் அன்றாடத் தேவைகள் நூல்களின் வடிவத்தை எவ்வாறு தீர்மானித்தன என்பதை ஆராய்கிறது. போப்பின் பதிப்புகளை மொழிபெயர்ப்புகளாக மட்டுமன்றி வகுப்பறைக் கருவிகளாகவும் வாசிக்க வேண்டும் என்பது இதன் கருதுகோள்.

முன்னுரை

தம் கல்லறையில் ‘தமிழ் மாணவன்’ என்று பொறிக்குமாறு போப் வேண்டினார் என்னும் செய்தி மேடைகளிலும் பாடநூல்களிலும் நிலைபெற்றுள்ளது. ஆனால் ஆக்ஸ்போர்டு புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்திலுள்ள கல்வெட்டில் அத்தொடர் இல்லை. பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளராக இருந்தவர் என்றே அக்கல் அவரைக் குறிக்கிறது. கல் ஆசிரியர் என்கிறது. மக்கள் நினைவு மாணவர் என்கிறது. மாணவர் என்னும் படிமம் அவருடைய பணிவைப் போற்றுகிறது எனினும், இருபதாண்டுகளுக்கு மேற்பட்ட கற்பித்தல் உழைப்பைப் பார்வையிலிருந்து விலக்கிவிடுகிறது. அவ்வுழைப்பை மீட்டெடுப்பதற்கு அவர் நூல்களே முதன்மைச் சான்றாகின்றன.

பாளையங்கோட்டைச் சூழல்

பிரஷ்யாவில் 1790இல் பிறந்த இரேனியஸ் 1814இல் சென்னைக்கும் 1820இல் பாளையங்கோட்டைக்கும் வந்தார். 1838இல் அங்கேயே மறைந்தார். அவருக்குத் தமிழ் கற்பித்தவராகத் திருப்பாற்கடல்நாதன் கவிராயரைத் தமிழ் இலக்கிய வரலாறுகள் குறிப்பிடுகின்றன. ஆங்கிலத்தில் அவர் எழுதிய தமிழ் இலக்கண நூல் 1834இல் வெளிவந்தது. ‘பூமி சாஸ்திரம்’ போன்ற தமிழ் உரைநடை நூல்களும் அவர் பணியில் அடங்கும்.

இங்கு அயலவர் கற்பவராகவும் உள்ளூர்ப் புலவர் கற்பிப்பவராகவும் இருந்தனர். மொழி கற்பவரைச் சுற்றி எப்போதும் ஒலித்துக்கொண்டிருந்தது. ஒரு வழக்கின் பொருத்தம் குறித்து ஐயம் எழுந்தால் முன்ஷியிடம் கேட்கலாம். பள்ளியிலும் சந்தையிலும் அதனைச் சோதித்தறியலாம். இச்சூழலில் இலக்கண நூல் முழுமையான துணையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நூல் விட்டதை ஊர் நிரப்பியது.

சாயர்புரத்தில் போப்

கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் 1820இல் பிறந்த போப் 1839இல் தமிழகம் வந்தார். சென்னையில் இராமானுச கவிராயரிடம் பயின்றார். 1842 முதல் 1849 வரை சாயர்புரத்தில் தங்கிக் கல்விக்கூடம் நடத்தினார். தமிழ் மாணாக்கர்க்கு வினாவிடை அமைப்பில் தொடக்க இலக்கண நூல் எழுதினார். பின்னர் 1850களில் அயலவர்க்கெனத் தமிழ்க் கைந்நூல் ஒன்றை வெளியிட்டார். பேச்சுவழக்கை மையமாகக் கொண்ட அந்நூல் ஒல்லெண்டார்ப், ஆர்னால்டு ஆகியோர் ஐரோப்பிய மொழிகளுக்கு வகுத்த முறையைப் பின்பற்றுவதாக அதன் தலைப்பே அறிவிக்கிறது. சில சொற்கள், ஓர் இலக்கணக் கூறு, இருவழி மொழிபெயர்ப்புப் பயிற்சி எனப் படிப்படியாகச் செல்லும் முறை இது. ஆகவே ஆக்ஸ்போர்டுக்குச் செல்வதற்கு மூன்று பதிற்றாண்டுகளுக்கு முன்பே, மொழியைப் பாடங்களாகப் பகுக்கும் ஆசிரியப் பார்வை அவரிடம் உருவாகியிருந்தது.

ஆக்ஸ்போர்டு வகுப்பு

1884இல், தம் 64ஆம் வயதில், போப் ஆக்ஸ்போர்டில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளரானார். இந்தியக் குடிமைப்பணித் தேர்வில் வென்று சென்னை மாகாணத்திற்கு ஒதுக்கப்பட்ட பயிற்சியாளர்களுக்கு அம்மொழிகளைக் கற்பிப்பது அப்பணியின் முதன்மையான தேவை. அவர்களுக்குத் தமிழ் ஒரு தேர்வுப் பாடம். சட்டம், இந்திய வரலாறு, குதிரையேற்றம் ஆகியவற்றோடு அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டியிருந்தது. 1892க்குப் பின் பயிற்சிக்காலம் ஓராண்டாகச் சுருங்கியது.

பாளையங்கோட்டையில் ஊர் செய்த பணியை இங்கு ஆசிரியரும் நூலுமே செய்ய வேண்டியிருந்தது. வகுப்பறைக்கு வெளியே தமிழ் கேட்க வாய்ப்பில்லை. அடுத்த தெருவில் புலவரும் இல்லை. ஆசிரியர் உடனில்லாத வேளையில் மாணவர் நம்பக்கூடியது கையிலுள்ள நூல் ஒன்றே.

அகராதியும் சொல்லடைவும்

இந்நிலையில் போப்பின் மூன்று பெரும் பதிப்புகளின் அமைப்பு கவனத்திற்குரியது. திருக்குறள் (1886), நாலடியார் (1893), திருவாசகம் (1900) ஆகிய மூன்றின் இறுதியிலும் அகராதியும் சொல்லடைவும் இணைக்கப்பட்டுள்ளன. திருக்குறள் பதிப்பில் இலக்கணப் பகுதியும் உண்டு.

இது பதிப்புலகின் பொதுமரபே, வகுப்பறையின் விளைவன்று எனச் சிலர் கருதலாம். உ.வே. சாமிநாதையர் பதிப்புகளிலும் அகராதிகள் உள்ளன. ஆயினும் அவை அரும்பதங்களை முதன்மைப்படுத்துபவை. எளிய சொற்களை அறிந்த தமிழ் வாசகரை முன்னிறுத்துபவை. போப்பின் அகராதியோ எளிய சொல்லையும் விளக்குகிறது. அதன் வாசகர் எதையும் முன்னறியாதவர். 1884இல் லான்மன் அமெரிக்க மாணவர்களுக்காக வெளியிட்ட சமஸ்கிருத வாசகநூலும் சொற்களஞ்சியத்துடன் அமைந்தது. போப்பின் பதிப்புகள் இத்தகைய கற்பித்தல் நூல்வகையோடும் உறவுடையவை.

எனினும் தேர்வுத் தேவை ஒன்றே இவற்றைத் தோற்றுவித்தது எனல் பொருந்தாது. பயிற்சிக்காலம் குறுகிய பின்னரே நாலடியாரும் திருவாசகமும் வெளிவந்தன. ஆட்சியருக்குத் திருவாசகம் தேவையுமன்று. திருவாசக முன்னுரை 1900 ஏப்ரல் 24ஆம் நாள், போப்பின் எண்பதாம் பிறந்தநாளன்று, எழுதப்பெற்றது. வகுப்பறை கற்றுத்தந்த நூல்வடிவம், வகுப்பறையைக் கடந்த வாசகருக்கும் உரியதாயிற்று என்பதே பொருத்தமான விளக்கம்.

முடிவுரை

இரேனியஸுக்கு மொழிச்சூழல் ஆசிரியராயிற்று. போப்போ நூலையே மொழிச்சூழலாக்க முயன்றார். இவ்வொப்பீடு இரு பணிகளை முன்வைக்கிறது. முதலாவது, போப்பின் மொழிபெயர்ப்பை மதிப்பிடும் ஆய்வுகள் அதனோடு இணைந்த அகராதியையும் சொல்லடைவையும் ஆய்வெல்லைக்குள் கொணர வேண்டும். மறுபதிப்புகளில் அவற்றை நீக்குவது நூலின் நோக்கத்தையே குறைப்பதாகும். இரண்டாவது, அயலவரைத் தமிழறிஞராக்கிய கவிராயர்களின் கற்பித்தலும் வரலாறாக எழுதப்பட வேண்டும். ஆக்ஸ்போர்டு வகுப்பறையில் போப் கற்பித்த தமிழ், இந்நிலத்தின் ஆசிரியர்களிடம் அவர் கற்ற தமிழே. ‘மாணவர்’ என்னும் மக்கள் நினைவுக்கு உண்மையான பொருள் அவ்விடத்தில்தான் உள்ளது.