பூசிய சுவரும் சொல்லாத கறையானும்

மே 1-ஆம் தேதி காலை 9 மணி. பத்தொன்பதாம் நூற்றாண்டு நியூயார்க்கில் வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை அந்த ஒரே நாளில், அந்த ஒரே மணியில் முடிந்தன. பிப்ரவரி முதல் தேதி வீட்டுக்காரர் புது வாடகையைச் சொல்லிவிடுவார். அது கட்டுப்படியாகாதவர்கள் மூன்று மாதத்துக்குள் வேறு வீடு பார்த்துக்கொண்டு, மே முதல் தேதி கட்டிலும் அடுப்பும் கண்ணாடியும் வண்டியில் ஏற்றித் தெருவில் இறங்கினார்கள். அன்று வண்டிக்காரர் கேட்டதுதான் கூலி. 1834-இல் நகரத்துக்கு வந்த எல்லைப்புற வீரர் டேவி கிராக்கெட் இந்தக் காட்சியைப் பார்த்து, ஏதோ பேரிடருக்குப் பயந்து ஊரே ஓடுகிறது என்று நினைத்துவிட்டார்.

அமெரிக்காவில் வீடு கைமாறும் காலம் வசந்தம் என்ற பழக்கம் இப்படி வாடகைக்காரர்களிடமே வேரூன்றியிருந்தது. நியூயார்க்கின் மே தினக் குடிபெயர்வு இரண்டாம் உலகப் போர்க் காலத்து வீட்டுப் பஞ்சத்தோடு மறைந்தது. ஆனால் பருவம் மாறவில்லை. பள்ளி மே, ஜூனில் முடிந்து ஆகஸ்ட், செப்டம்பரில் திறக்கிறது. பிள்ளைகள் உள்ள குடும்பம் கோடை விடுமுறையில் குடிபோக வேண்டுமென்றால் ஏப்ரல், மே மாதங்களில் வீட்டைப் பேசி முடித்தாக வேண்டும். கடன் ஒப்புதலுக்கும் பத்திரப் பதிவுக்கும் ஒன்றிரண்டு மாதம் போய்விடும். பனி உருகிப் புல் பச்சை பிடிக்கும் நேரத்தில் வீடும் அழகாகத் தெரியும். அதனால் விற்க நினைப்பவர் மார்ச் மாதத்திலேயே தூரிகையை எடுத்துவிடுகிறார்.

அந்தத் தூரிகைக்கு முன்பு கரி இருந்தது. நிலக்கரி அடுப்பும் எண்ணெய் விளக்கும் கொண்டு குளிர்காலம் முழுதும் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்ந்த வீட்டில், வசந்தம் வரும்போது கூரை முதல் திரைச்சீலை வரை புகைக்கரி படிந்திருக்கும். கம்பளங்களைக் கொடியில் போட்டு அடிப்பார்கள். அடுப்புக் குழாயைக் கழற்றித் தட்டுவார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். சுவரில் ஒட்டிய காகிதத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவ முடியாது. அதற்கென்றே மாவு போன்ற ஒரு பசை உருண்டை கடைகளில் விற்றது. சுவரில் உருட்டினால் கரி ஒட்டிக்கொண்டு வந்துவிடும். சின்சினாட்டியில் இதைத் தயாரித்த குட்டால் நிறுவனம், வீடுகள் எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் மாறியபின் விற்பனை சரிந்து தவித்தது. அதே பசை 1956-இல் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளானது. இன்று உலகம் முழுக்கத் தெரிந்த பிளே-டோ அதுதான்.

கரி போனது, வண்ணம் நிலைத்தது. ஆனால் அந்த வண்ணத்துக்குள் ஈயம் இருந்தது. சுவர் வெள்ளையாகவும் நீடித்தும் இருப்பதற்காக ஈயக் கார்பனேட்டைக் கலந்தார்கள். உரிந்து விழும் துணுக்குகள் இனிப்பாக இருப்பதால் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்வார்கள்; மூளை பாதிக்கப்படும். உள்சுவர்களில் ஈய வெள்ளையைத் தவிர்க்க 1921-இலேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை கண்டது. அமெரிக்கா அதில் சேரவில்லை. வீட்டு வண்ணங்களில் ஈயத்தை அது தடை செய்தது 1978-இல். இடைப்பட்ட அரை நூற்றாண்டுக்கும் மேலான காலத்தில், விற்பனைக்கு முன் வீட்டைப் புதுசாகக் காட்டப் பூசப்பட்ட எத்தனையோ பூச்சுகள், வரப்போகும் குடும்பத்தின் பிள்ளைகளுக்கு நஞ்சாகச் சுவரில் காத்திருந்தன. இந்த வரலாற்றில் மிகவும் வலிக்கிற பக்கம் இது.

வீடு விற்பது நடுத்தர மக்களின் வாழ்க்கையில் சாதாரணமாக நடக்கும் விஷயமானதே பிந்திய கதைதான். 1930-களுக்கு முன் வீட்டுக்கடன் என்றால் விலையில் பாதியைக் கையில் வைத்திருக்க வேண்டும்; மீதியையும் சில ஆண்டுகளில் மொத்தமாகத் திருப்ப வேண்டும். 1934-இல் அமைந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் நீண்டகாலத் தவணைக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. 1944-இன் முன்னாள் படைவீரர் சட்டம் அதை இன்னும் விரித்தது. 1940-இல் நூற்றுக்குச் சுமார் 44 குடும்பங்களே சொந்த வீட்டில் இருந்தன. 1960-இல் அது 62. லாங் ஐலண்டில் 1947-இல் தொடங்கிய லெவிட்டவுனில் மட்டும் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன, ஏறக்குறைய ஒரே அச்சில். அண்டை வீடுகளும் தன் வீடும் ஒன்றுபோல் இருக்கும்போது, விற்பவர் தன் வீட்டைத் தனித்துக் காட்ட வண்ணமும் தோட்டமும்தான் மிச்சம். 1948-இல் கிளிடன் நிறுவனம் நீரை அடிப்படையாகக் கொண்ட லேடெக்ஸ் வண்ணத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சீக்கிரம் காய்ந்தது, நெடி குறைவு. சனி ஞாயிறில் கணவனும் மனைவியுமே ஓர் அறையை முடித்துவிடலாம்.

இங்கேதான் நீதிமன்றம் உள்ளே வருகிறது. பூசி மறைத்த குறையை விற்பவர் சொல்லியாக வேண்டுமா? ஆங்கிலேயச் சட்ட மரபில் வந்த பதில்: வேண்டாம், பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு. மாசசூசெட்ஸில் ஒரு வங்கி, கறையான் பிடித்த வீடு என்று தெரிந்தே விற்றது. வாங்கியவர் வழக்குப் போட்டார். 1942-இல் மாநில உச்ச நீதிமன்றம், அவருடைய முறையீட்டில் அறம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் வங்கி பொய் சொல்லவில்லை, வெறுமனே சும்மா இருந்தது, அது குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது. 18 ஆண்டுகள் கழித்து வாஷிங்டன் மாநிலத்தில் அதே கறையான் மறுபடி நீதிமன்றம் ஏறியது. வாங்குபவர் சாதாரணமாகச் சுற்றிப் பார்த்தால் கண்ணில் படாத ஆபத்தான குறையை, அவர் கேட்காவிட்டாலும் விற்பவர் சொல்லத்தான் வேண்டும் என்று 1960-இல் தீர்ப்பு வந்தது. இரண்டும் பூச்சி அரித்த மரத்தைப் பற்றிய வழக்குகள்தான். நடுவில் மாறியிருந்தது, மௌனத்தைப் பற்றிய சமூகத்தின் எண்ணம்.

கலிபோர்னியா இன்னும் ஓரடி போனது. டயாப்ளோ என்ற ஊரில் மண் நிரப்பிய சரிவில் கட்டிய வீடு 1976-இல் விற்கப்பட்டு, கொஞ்ச காலத்திலேயே நிலம் சரிந்தது. வீட்டைக் காட்டிய முகவரும் தானே கவனமாகப் பார்த்து, கண்டதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று 1984-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 1987 முதல் அங்கே விற்பவர் கூரை, குழாய், அஸ்திவாரம் பற்றித் தனக்குத் தெரிந்ததை எழுத்தில் தர வேண்டும்.

சட்டம் இப்படிச் சொல்லச் சொல்ல, சந்தை காட்டுவதைக் கலையாகவே வளர்த்தது. 1972-இல் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த பார்ப் ஷ்வார்ட்ஸ், விற்கப்போகும் வீட்டை நாடக மேடைபோல் அலங்கரிக்கும் முறையைத் தொடங்கினார். அது தனித் தொழிலானது. பாதி நாற்காலிகளை எடுத்துவிடு, மேசை மேல் எதையும் வைக்காதே, சுவருக்கு மங்கலான ஒரே நிறம் அடி. 2004-இல் எச்ஜிடிவி அலைவரிசையில் தொடங்கிய நிகழ்ச்சி ஒன்று, 2,000 டாலர் செலவில் வீட்டை விற்பனைக்கு மாற்றிக் காட்டி இந்தப் பாடத்தை வீட்டுக்கு வீடு சேர்த்தது.

முகவர்கள் வழக்கமாகச் சொல்லும் இன்னொரு ஆலோசனை, குடும்பப் படங்களையும் மதச் சின்னங்களையும் சமையல் வாசனையையும் அகற்றுவது. வாங்க வருபவர் அந்த வீட்டில் தன்னைக் கற்பனை செய்துகொள்ள வேண்டுமாம். நியூஜெர்சியின் எடிசனிலோ கனடாவின் ஸ்கார்பரோவிலோ வீடு விற்கும் தமிழ்க் குடும்பத்துக்கு இது பூஜை அலமாரியைக் காலி செய்வதையும், தாளிப்பதைச் சில வாரம் நிறுத்துவதையும் குறிக்கும். அவர்களுக்கு இது சங்கடம். கறுப்பின மக்களுக்கு இதன் பொருள் வேறு. லெவிட்டவுனின் தொடக்க கால ஒப்பந்தங்களிலேயே வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்ற விதி இருந்தது. வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் தந்த அதே அரசு நிர்வாகம், கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளை ஆபத்தானவை என்று ஒதுக்கியது. 1968-இன் நியாய வீட்டுவசதிச் சட்டம் இதைத் தடை செய்தது, பழக்கம் சாகவில்லை. 2020-இல் கலிபோர்னியாவின் மரின் சிட்டியில் ஒரு கறுப்பினத் தம்பதி மறுகடனுக்காகத் தங்கள் வீட்டை மதிப்பிடச் சொன்னார்கள். 10 இலட்சம் டாலரைத் தொடாத மதிப்பு வந்தது. சில வாரங்களில் குடும்பப் படங்களை எடுத்துவிட்டு, வெள்ளையினத் தோழி ஒருவரை வீட்டுக்காரராக நிற்கவைத்து மறுபடி மதிப்பிட்டபோது ஏறக்குறைய 5 இலட்சம் டாலர் கூடியது. சுவர், தரை, கூரை எதுவும் மாறவில்லை. அவர்கள் தொடுத்த வழக்கு 2023-இல் சமரசத்தில் முடிந்தது. தன் முகத்தையே மறைத்தால்தான் வீட்டுக்கு முழு விலை என்ற நிலையை அழகுக் குறிப்பு என்று யாரும் எழுதிவிட முடியாது.

விற்பவர் சொல்லத்தான் வேண்டும் என்ற விதி ஈய வண்ணத்துக்கும் வந்தது; கடைசியில் அமெரிக்க நாடாளுமன்றம் வாய் திறந்தது. 1992-இன் சட்டத்தின்படி, 1978-க்கு முன் கட்டிய வீட்டை விற்பவர் ஈயம் பற்றித் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். எச்சரிக்கைச் சிறுநூல் ஒன்றைக் கொடுக்க வேண்டும். பரிசோதிக்க வாங்குபவருக்கு 10 நாள் அவகாசம் தர வேண்டும். இவை 1996-இல் நடைமுறைக்கு வந்தன.

நியூயார்க் மாநிலம் நெடுநாள் இழுத்தடித்தது. அங்கே 2002-இல் வந்த சட்டம் குறைகளைப் பட்டியலிடும் படிவத்தைக் கேட்டாலும், அதைத் தராதவர் விலையில் 500 டாலர் கழித்துக்கொடுத்தால் போதும் என்று ஒரு வழி விட்டிருந்தது. வழக்கறிஞர்கள் பலர் அந்த 500 டாலரைக் கொடுத்துவிடும்படியே சொன்னார்கள். 2024 மார்ச் 20 முதல் அந்த வழி அடைபட்டது. படிவம் கட்டாயம். அதில் வெள்ளம் பற்றிய கேள்விகளும் சேர்ந்தன: வீடு வெள்ள அபாயப் பகுதியில் இருக்கிறதா, தண்ணீர் உள்ளே வந்ததுண்டா, வெள்ளக் காப்பீட்டில் இழப்பீடு கேட்டதுண்டா. அந்த ஆண்டு வசந்தச் சந்தைக்கு வீட்டைத் தயார் செய்தவர்கள், வண்ணம் அடித்த கையோடு அவற்றுக்கும் பதில் எழுதிக் கையெழுத்திட்டார்கள்.