தோம்பிலிருந்து கையடக்கத் தொலைபேசி வரை: யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆளிடம் பதியப்பட்ட வரலாறு

1

கையடக்கத் தொலைபேசியிற் பேசத் தொடங்கும் யாழ்ப்பாணத்தவர் பெரும்பாலும் முதலிற் கேட்பது “இப்ப எங்க நிக்கிறியள்?” என்பதாகும். கம்பித் தொலைபேசிக் காலத்தில் இவ்வினாவுக்குத் தேவையிருக்கவில்லை. அழைக்கப்பட்ட இலக்கமே ஒரு வீட்டினையோ கந்தோரினையோ குறித்தது. இலக்கம் இடத்தினின்றும் பிரிந்து ஆளோடு சேர்ந்துகொண்ட பின்னரே ‘எங்கே’ என்பது கேட்டறிய வேண்டிய செய்தியாயிற்று. ஆயின், பேசுபவர் கேட்டறியும் அச்செய்தியினை அழைப்பைக் கொண்டுசேர்த்த வலையமைப்புக் கேளாமலே அறிந்துள்ளது. அறியாதிருப்பின் அழைப்பினைச் சேர்ப்பித்திருக்கவே முடியாது.

இவ்விடயத்தினைப் பொறியியலாளர் செலவுக் கணக்காகவும் சட்டவறிஞர் அந்தரங்க உரிமையாகவும் நோக்குவர். இரு நோக்குகளும் வேண்டியனவே. ஆயினும் தன் இடத்தைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் யார், அது பதியப்பட்ட ஏடு யார் கையில் உள்ளது, யாருக்கு அது திறக்கப்படுகின்றது, யாருக்கு மூடப்படுகின்றது என்னும் வினாக்கள் வரலாற்றுக்கு உரியன. நானூறாண்டுகளாக ஆட்சி மாறுந்தோறும் குடிகளின் இருப்பிடத்தைப் புதிதாகப் பதிந்துவந்த யாழ்ப்பாணக் குடாநாடு இவ்வினாக்களை ஆராய்வதற்குப் பொருத்தமான களமாகும்.

2

முதலில் வலையமைப்பின் இயக்கத்தைச் சுருக்கமாக நோக்குவோம். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் றிங் எழுதிய குறிப்பொன்று, நிலப்பரப்பினைச் சிறு கலங்களாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள கலங்களில் அதே அலைவரிசைகளை மீளப் பயன்படுத்தலாம் என்னும் கருத்தினை முன்வைத்தது. அலைவரிசைப் பற்றாக்குறைக்கு இது தீர்வாயிற்று. ஆனால் ஆள் எக்கலத்தில் உள்ளார் என்பதை அறியவேண்டிய புதிய தேவையினையும் அதுவே உண்டாக்கியது. 1982இல் ஐரோப்பிய அஞ்சல் தொலைத்தொடர்பு நிர்வாகங்கள் அமைத்த குழுவின் முயற்சியாக உருவாகி, 1991 யூலை 1ஆந் திகதி பின்லாந்தில் முதல் அழைப்பினைக் கண்ட ஜி.எஸ்.எம். முறை இதற்கென இரு பதிவேடுகளைக் கொண்டது. ஒன்று, வாடிக்கையாளரின் நிரந்தர விபரங்களைத் தாங்கிய இல்லப் பதிவேடு. மற்றையது, அவர் அவ்வேளை தங்கியுள்ள பகுதிக்குரிய வருகையாளர் பதிவேடு.

பருத்தித்துறையிலிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாண நகருக்கு வரும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவரது சட்டைப்பையிலுள்ள கருவி வழியிலுள்ள கோபுரங்கள் ஒலிபரப்பும் பகுதிக் குறியீட்டினை இடையறாது கேட்டுவருகின்றது. குறியீடு மாறியதும் ‘நான் இப்பகுதிக்கு வந்துவிட்டேன்’ எனத் தானே அறிவிக்கின்றது. அவர் ஓரிடத்திலேயே இருந்தாலும் குறித்த கால இடைவெளியில் அதே அறிவித்தல் மீண்டும் செல்கின்றது. அழைப்பு வரும்போது இல்லப் பதிவேடு வருகையாளர் பதிவேட்டினை வினவும். பின்னர் அப்பகுதியின் கலங்கள் யாவற்றிலும் அவர் கூவி அழைக்கப்படுவார்.

பகுதி பெரிதாயின் கூவும் செலவு கூடும். சிறிதாயின் அறிவிக்கும் செலவு கூடும். 1991இல் பாருக் அவர்புக், டேவிட் பெலெக் ஆகிய கணினி அறிஞர் இருவர் நகர்வோரைத் தொடர்ந்தறிதல் பற்றி வெளியிட்ட ஆய்வு, நகர்வதன் செலவையும் தேடுவதன் செலவையும் ஒருங்கே கட்டுப்படுத்தும் வழியினை ஆராய்ந்தது. 1996இல் சாள்ஸ் பேர்கின்ஸ் தொகுத்த நகரும் இணைய நெறிமுறையும் இல்ல முகவர், அயல் முகவர் என்னும் இரட்டை ஏற்பாட்டினையே கைக்கொண்டது. அயலிடத்தில் உள்ளவருக்கு ‘இன்னாரது பொறுப்பில்’ எனும் இடைக்கால முகவரி ஒன்றை அது வழங்கியது. இடம்பெயர்ந்த வீடுகளுக்குக் கடிதம் எழுதிப் பழகிய எம்மவர்க்கு இம்முகவரி முறை அந்நியமானதன்று.

இங்கு கருத்திற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. இடத்தை அறிவிக்கும் வேலை ஆளிடமிருந்து கருவிக்கு மாற்றப்பட்டுள்ளது. இதன் முக்கியத்துவத்தினை உணர்வதற்கு அவ்வேலையினை மனிதரே செய்த காலங்களை நோக்கவேண்டும்.

3

1619இல் யாழ்ப்பாண அரசினைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் தொடக்கிவைத்த தோம்பு முறையினை, 1658 தொடக்கம் ஆண்ட ஒல்லாந்தர் விரிவாக்கினர். காணித் தோம்பு நிலத்தையும் தலைத் தோம்பு ஆள்களையும் பதிந்தன. இன்ன கோவிற்பற்றில், இன்ன ஊரில், இன்ன சாதியினனாக ஒருவன் பதியப்பட்டதும் அவன் செலுத்தவேண்டிய வரியும் செய்யவேண்டிய ஊழியமும் உடன் தீர்மானமாயின. அதாவது தோம்பிலே இடம் என்பது உழைப்பின் மீதான உரிமைக் கோரிக்கையாக அமைந்தது. ஊரைவிட்டு நீங்கியவன் கும்பனியின் கணக்கில் இழந்த உழைப்பாகவே தென்பட்டான்.

கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்துக் கொடுத்த தேசவழமை, அடிமைகள் பற்றிய விதிகளையும் உள்ளடக்கியிருந்தமை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளப்பட வேண்டும். 1806இன் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு அளித்தபோது, அது யாழ்ப்பாண மாகாணத்துக் குடிகளுக்கே உரியதென்று வரையறுக்கப்பட்டது. எனவே குடாநாட்டுக்கு வெளியே வாழ்பவர் இன்னும் ‘யாழ்ப்பாணக் குடி’ தானா என்னும் வினா நீதிமன்றங்களிற் பன்முறை எழலாயிற்று. உடல் ஓரிடத்திலும் உரிமை வேறோரிடத்திலும் இருக்கும் நிலைமை கணினி வலையமைப்புக்கு முன்னரே சட்டத்திற்குச் சிக்கலாகியிருந்தது.

ஊரார் தம்முள் வழங்கிய பதிவேடும் ஒன்றிருந்தது, அது எழுதப்படாதது. புதியவரிடம் “எந்த ஊர்? எந்தக் குறிச்சி?” என வினவும் வழக்கம் இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை. குறிச்சி தெரிந்தாற் சாதி தெரியும். சாதி தெரிந்தால் அவரை எங்கே இருத்துவது என்பது தெரியும். ஆளும் அரசு மட்டுமன்றி, நிலவுடைமைச் சமூகமும் இடத்தை விசாரித்தே மனிதரைத் தரப்படுத்தியது. அந்நியராட்சியின் பதிவேட்டினைக் கண்டிக்கும் நாம் இவ்வுள்ளூர்ப் பதிவேட்டினை மறந்துவிடலாகாது.

4

எனினும் பதிவேடு அடக்குமுறைக் கருவியாக மாத்திரம் இருந்ததில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே தொடங்கிய பங்கீட்டு முறையிற் கூப்பன் புத்தகத்திற் பெயர் உள்ளவர்க்கே சங்கக்கடையில் அரிசி கிடைத்தது. 1963இல் விதானைமார் முறை ஒழிக்கப்பட்டுக் கிராம சேவகர் பதவி உருவானபின், வதிவிட அத்தாட்சியின்றிப் பாடசாலை அனுமதியோ நிவாரணமோ பெறுதல் அரிதாயிற்று. 1968இன் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972இலிருந்து தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. பதியப்படாதவர் பட்டினி கிடப்பர், பதியப்பட்டவர் பிடிக்கப்படலாம். நவீன அரசின் குடிமக்கள் யாவரும் இம்முரண்பாட்டினுள்ளேயே வாழ்கின்றனர். இம்முரண்பாடு போர்க்காலக் குடாநாட்டில் மிகக் கூர்மையடைந்தது.

1990இல் ஏ9 வீதிப் போக்குவரத்துத் தடைப்பட்டபின், குடாநாட்டினைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்த விடுதலைப் புலிகள் வெளியேறுவோருக்குப் ‘பாஸ்’ முறையினை ஏற்படுத்தினர். போகிறவர் திரும்பி வருவார் என்பதற்கு இன்னொருவர் பிணைநிற்க வேண்டியிருந்தது. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதியின் பேரிடப்பெயர்வினையும் அடுத்த ஆண்டு இராணுவம் குடாநாட்டில் நிலைகொண்டதையும் தொடர்ந்து, பதியும் கை மாறியதே தவிரப் பதிவு ஒழியவில்லை. வீட்டிலுள்ளோர் பட்டியல், சோதனைச் சாவடி, சுற்றிவளைப்பு, முகம்மூடிய தலையாட்டி ஆகியன அன்றாட வாழ்வின் சொற்களாயின. தலையாட்டி ஒருவகையில் உயிருள்ள பதிவேடே. அவனது ஏடு பிழையாயிருந்தாலும் திருத்தக் கோருவதற்கு வழியில்லை.

2006 ஓகஸ்ட் 11இல் ஏ9 மீண்டும் மூடப்பட்டபின் குடாநாட்டினின்றும் வெளியேறுவோர் இராணுவ அனுமதி பெறவேண்டியவராயினர். போர் முடிந்த பின்னரும் யாழ்ப்பாணத்தில் வீடுவீடாக இராணுவம் மேற்கொண்ட பதிவினைத் தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர் சிலர் உயர்நீதிமன்றத்தில் எதிர்த்தனர். 2011இல் அப்பதிவு நிறுத்தப்படுமெனச் சட்டமா அதிபர் தரப்பு உறுதியளித்தது. இருப்பிடம் பதிதல் அடிப்படை உரிமைப் பிரச்சினையாகக் குடாநாட்டிலிருந்து நீதிமன்றம் சென்றமைக்கு இது ஒரு முக்கிய சான்றாகும்.

5

1989இல் இலங்கைக்கு வந்துவிட்ட கையடக்கத் தொலைபேசி குடாநாட்டில் வேரூன்றியது 2002 போர்நிறுத்தத்திற்குப் பின்னரேயாம். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளோடு பேசுவதற்குத் தொலைத்தொடர்பு நிலையங்களிற் காத்திருந்த பெற்றோருக்கு அது பெரும் விடுதலையாக இருந்தது. அவ்விடுதலையினை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் சாவடியில் மனிதன் செய்த அறிவித்தலை இப்பொழுது கருவி செய்தது. செய்வதை ஆள் உணரவுமில்லை.

இப்பதிவுகள் யாருடைய உடைமை? வாடிக்கையாளர் நடந்தும் பயணஞ் செய்தும் உண்டாக்கும் இடத்தரவு, அழைப்பைச் சேர்ப்பித்த கணத்தோடு தன் பயன்பெறுமதியினைப் பெரும்பாலும் இழந்துவிடுகின்றது. அதன் பின்னரும் அது சேமிக்கப்படுமாயின் அது வேறொரு பெறுமதிக்காகவே: விளம்பரதாரருக்குச் சந்தைப் பெறுமதி, அரசுக்குக் கண்காணிப்புப் பெறுமதி. உண்டாக்கியவருக்கு இரண்டிலும் பங்கில்லை. 2018இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்த்த கார்ப்பென்ரர் வழக்கிலே ஒரு மனிதனின் 127 நாள்களுக்குரிய 12,898 இடப்புள்ளிகள் புலனாய்வாளர் கையிலிருந்தன. இத்தகைய பதிவினைப் பெறப் பொதுவாக நீதிமன்றப் பிடியாணை வேண்டுமென நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடத்தரவினை ஆளை இனங்காட்டும் குறியீடுகளுள் ஒன்றாகக் கொள்கின்றது. எனினும் அதன் செயற்பாட்டுத் திகதிகள் பின்தள்ளப்பட்டன.

வலையமைப்பிடமிருந்து அரசு கற்கக்கூடிய பாடமும் உண்டு. 1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண முஸ்லிம் மக்கள் சில மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். பெருந்தொகையினர் புத்தளத்திலே தங்கினர். ஒரு தலைமுறை கழிந்தபின் வாக்காளர் இடாப்பிலே அவர்கள் எவ்விடத்தவர் என்னும் சிக்கல் எழுந்தது. புத்தளத்திற் பதிந்தால் யாழ்ப்பாண உரிமை நழுவும். யாழ்ப்பாணத்திற் பதிந்தாற் புத்தளத்து அன்றாடத் தேவைகள் தடைப்படும். அரசின் ஏட்டில் ஓர் ஆளுக்கு ஓரிடமே உண்டு. இல்லம் ஓரிடம், இருப்பு வேறிடம் என இரண்டினையும் ஒருங்கே ஏற்றுக்கொள்ளும் பதிவேட்டினை வணிக நிறுவனம் தன் வருவாய்க்காக அமைத்துக்கொண்டது. ஆனால் வெளியேற்றப்பட்ட மக்களின் நீதிக்காக அத்தகையதொன்று எளிதில் அமையவில்லை. எனவே தடையாயிருந்தது தொழில்நுட்பக் குறைபாடு எனக் கூறவியலாது.

6

இறுதியாக, பதிவேடு எத்திசையிற் திறக்கின்றது என்னும் வினாவுக்கு வருவோம். 1996இல் இராணுவக் கட்டுப்பாட்டில் வந்த குடாநாட்டிலே நூற்றுக்கணக்கானோர் காணாமலாக்கப்பட்டனர். ஒவ்வொருவரின் நடமாட்டமும் அட்டையாலும் பட்டியலாலும் அளக்கப்பட்ட காலம் அது. அதே காலத்தில், பிடிக்கப்பட்டவர் எங்கே எனக் கேட்டு முகாம் முகாமாக நடந்த தாய்மாருக்கு ‘தெரியாது’ என்னும் விடையே கிடைத்தது. 1998இல் தண்டனை பெற்ற படைவீரர் ஒருவர் நீதிமன்றத்திற் செம்மணிப் புதைகுழிகளைப் பற்றிக் கூறினார். 1999இற் பதினைந்து உடல்களின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டன. 2025இல் அதே செம்மணிப் பகுதியின் சித்துப்பாத்தி மயானத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. 2016இன் 14ஆம் இலக்கச் சட்டத்தாற் காணாமற்போனோர் அலுவலகம் நிறுவப்பட்டது. 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலே தொடங்கிய உறவினரின் தொடர்போராட்டம் ஆண்டுகள் பலவாக நீடித்தது.

இதிலிருந்து நாம் பெறும் முடிவு இது: ஆளின் இடத்தை அறியும் ஆற்றல் வளர்ந்ததனால், அவ்வாளைத் தேடும் உறவினரின் அறியும் உரிமை தானாக வளர்ந்துவிடவில்லை. தோம்பு முதற் கோபுரம் வரை பதிவேடு ஆளுவோர் பக்கமே திறந்திருந்தது. ஆகவே கண்காணிப்புக்கு எதிரான கோரிக்கை ‘எம்மைப் பதியாதே’ என்பதோடு நின்றுவிடமுடியாது. அழைப்பு வேண்டுவோர்க்கும் அரிசி வேண்டுவோர்க்கும் பதிவு வேண்டும். தேவை முடிந்ததும் இடத்தரவு அழிக்கப்படல் வேண்டும். நீதிமன்றக் கட்டளையின்றி அது எவருக்கும் கையளிக்கப்படலாகாது. பதியப்பட்டவருக்கு அதனைப் பார்க்கவும் திருத்தவும் உரிமை வேண்டும். தடுத்துவைக்கப்பட்டவரின் இடத்தைப் பொறுத்தவரை நியதி இதற்கு நேர்மாறாக அமைதல் வேண்டும். அங்கு அரசின் ஏடே அழியாது பேணப்பட்டு உறவினருக்குத் திறக்கப்படல் வேண்டும். ‘எங்கே’ என்ற வினாவைக் கேட்கும் உரிமை அதுவரை ஒருபக்கத்தவர்க்கு மட்டுமே உரியதாயிருக்கும்.