பச்சமருந்தும் அங்காடிமருந்தும்: மட்டாஞ்சேரி குறித்து ஒரு குறிப்பு

கேரள மருத்துவ வரலாற்றை எழுதுவோர் பலரும் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலிலிருந்தே தொடங்குகின்றனர். கொச்சியிலிருந்த டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுப்பித்த அந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் 1675இல் அதற்குச் சான்றளித்தனர். இத்தொடக்கம் தவறன்று, ஆயினும் போதாது.

செடியை நேரில் கண்டு, பெயர் கேட்டு, வரைந்து விளக்குவது அந்நூலின் முறை. மலையாள வழக்கில் சொன்னால் அது பச்சமருந்தின் நூல். தொலைவிலிருந்து உலர்ந்து வரும் அங்காடிமருந்து, அதாவது தமிழ் வைத்தியர் கூறும் கடைச்சரக்கு, அம்முறைக்கு எளிதில் அகப்படாது.

ரனன்குலேசியே குடும்பம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. குளிர்நிலங்களில் செழிக்கும் இக்குடும்பத்துச் செடிகள் மலபார்க் கடற்கரையில் மிகச் சிலவே. ஆயினும் கருஞ்சீரகம், அதிவிடயம், வச்சநாபி மூன்றும் கேரள வைத்தியத்தில் நிலைத்த இடம் பெற்றவை. (கருஞ்சீரகத்துக்கும் சீரகத்துக்கும் உறவு பெயரளவே, சீரகம் கொத்தமல்லியின் இனம்.) பின்னிரண்டும் இமயமலைச் செடிகளின் கிழங்குகள். வச்சநாபி கொடிய நஞ்சு. கோமூத்திரத்தில் ஊறவைத்துச் சுத்தி செய்த பின்னரே மருந்தாகும். செடியையே காணாத வைத்தியர் உலர்ந்த கிழங்கை மட்டும் கொண்டு தேர்ந்த அறிவு இது.

அவ்வறிவின் தடத்தை மட்டாஞ்சேரி போன்ற சரக்குச் சந்தைகளின் பேரேடுகளிலும் தேடியாக வேண்டும். தேடல் காலங்கடந்தும் வருகிறது: இயற்கையில் வளரும் அதிவிடயம் மிகையான அகழ்வால் இமயமலையில் அருகிவிட்டது.