வதிவிட அட்டை (ஜப்பான்)

வதிவிட அட்டை (சைரியூ காடோ) என்பது ஜப்பானில் மூன்று மாதங்களுக்கு மேல் தங்க அனுமதி பெற்ற வெளிநாட்டவருக்கு வழங்கப்படும் அடையாள அட்டை ஆகும். இது 2012 சூலை 9 முதல் நடைமுறையில் உள்ளது. தூதரக அலுவலர் போன்ற சிலருக்கு இது வழங்கப்படுவதில்லை.

அன்றாட வாழ்வு

நரிட்டா, கன்சாய் போன்ற பெரிய வானூர்தி நிலையங்களில் நாட்டினுள் நுழையும்போதே அட்டை கையளிக்கப்படுகின்றது. குடியமர்ந்த 14 நாட்களுக்குள் உள்ளூராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். 16 வயது நிரம்பியோர் அட்டையை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். தவறினால் 200,000 யென் வரை தண்டம் விதிக்கப்படலாம்.

தொழில்

வேலை செய்வதற்கான அனுமதியும் வரையறைகளும் அட்டையில் குறிக்கப்பட்டிருக்கும். தனி அனுமதி பெற்ற மாணவர், கல்விக் காலத்தில் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். தொழில் அடிப்படையில் தங்கியிருப்போர் நிறுவனம் மாறினால் 14 நாட்களுக்குள் குடிவரவுத் துறைக்கு அறிவிக்க வேண்டும். தக்க காரணமின்றி அனுமதிக்கப்பட்ட தொழிலில் மூன்று மாதங்கள் ஈடுபடாதிருந்தால் வதிவிடத் தகுதி நீக்கப்படலாம். இதனால் வேலை இழப்பு, நாட்டில் தங்கும் உரிமையையும் பாதிக்கக்கூடும்.

வரலாறு

முன்னர் 1952ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவுச் சான்று வழங்கப்பட்டது. 1955 முதல் இதற்குக் கைரேகையும் பெறப்பட்டது. இது தம்மைக் குற்றவாளிகளைப் போல் நடத்துவதாகக் கூறி, 1980களில் ஜப்பானில் பிறந்து வளர்ந்த கொரியர் பலர் கைரேகை இட மறுத்தனர்; சிலர்மீது வழக்குகளும் தொடரப்பட்டன. கைரேகைக் கட்டாயம் 1993இல் நிரந்தர வதிவாளருக்கும், 2000இல் ஏனையோருக்கும் நீக்கப்பட்டது. எனினும் 2007 நவம்பர் முதல், நாட்டினுள் நுழையும் வெளிநாட்டவரில் பெரும்பாலோரிடம் எல்லையில் கைரேகை பெறப்படுகின்றது. பெரும்பாலும் கொரியர்களான சிறப்பு நிரந்தர வதிவாளருக்கு இதிலிருந்து விலக்கு உண்டு.