மட்டமான நாடகம் வேண்டும்!

நாடகம் போட்டுக் கடனாளியானவர்களை நாம் எல்லோரும் அறிவோம். நாடகம் தோற்றால்தான் பணக்காரனாகலாம் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டா?

சினிமாவில் உண்டு. 1967-ம் வருஷம் மெல் புரூக்ஸ் எடுத்த 'தி புரொட்யூஸர்ஸ்' என்ற அமெரிக்கப் படத்தில், நொடித்துப் போன நாடக முதலாளி ஒருவருக்கு அவருடைய கணக்கைப் பார்க்க வந்த குமாஸ்தாவே ஒரு யுக்தியைக் கோடி காட்டிவிடுகிறார். லாபத்தில் பங்கு தருவதாகச் சொல்லி, இருக்கிற பங்கைப் போலப் பல மடங்கு விற்றுவிட வேண்டியது. முதல் நாளே நாடகம் படுத்துவிட்டால் லாபம் ஏது? பங்கு கேட்க வருகிறவர் யார்? ஆகவே இரண்டு பேருமாகத் தேடி அலைந்து, ஹிட்லரைப் புகழ்ந்து எழுதிய ஒரு மகா மட்டமான நாடகத்தை மேடையேற்றுகிறார்கள். ஜனங்களோ அதைக் கேலி நாடகம் என்று எண்ணி வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். நாடகம் ஜயிக்கிறது. முதலாளியும் குமாஸ்தாவும் ஜெயிலுக்குப் போகிறார்கள்.

இதெல்லாம் கட்டுக்கதை. ஆனால் இதற்கு எழுபது வருஷத்துக்கு முன்பே, அதே நியூயார்க்கில், அதே பிராட்வே வீதியில், மட்டமான ஆட்டத்தைத் தேடிப் பிடித்துக் காசாக்கிய நிஜ முதலாளி ஒருவர் இருந்தார். மோசடி ஒன்றும் அவர் செய்யவில்லை. டிக்கெட் விற்றார், அவ்வளவுதான்.

அவர் பெயர் ஆஸ்கார் ஹாமர்ஸ்டீன். பிறந்தது ஜெர்மானிய தேசத்தில். சுருட்டு செய்யும் யந்திரங்களைக் கண்டுபிடித்து ஏராளமாகச் சம்பாதித்தார். சம்பாதித்ததைக் கொட்டகை கட்டிக் கரைத்தார். சுருட்டில் வந்த பணம் புகையாய்த்தானே போகும் என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லியிருப்பார்கள். 1895 நவம்பரில் அவர் திறந்த 'ஒலிம்பியா' ஒரு கொட்டகை அல்ல. பல அரங்குகள் அடங்கிய மாளிகை. பாரிஸிலிருந்து இவெட் கில்பெர்ட் என்ற புகழ்பெற்ற பாடகியைப் பெரும் சம்பளம் கொடுத்து வரவழைத்தார். கூட்டம் வந்தது, கடன் மட்டும் குறையவில்லை. உயர்ந்த சரக்கையெல்லாம் காட்டிப் பார்த்தாயிற்று, இனி மட்டமான சரக்கைக் காட்டிப் பார்க்கிறேன் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள்.

அந்தச் சரக்கு அயோவா மாகாணத்தில் கிடைத்தது. மேரியன் என்ற சிற்றூரைச் சேர்ந்த செர்ரி சகோதரிகள், தாய் தகப்பனை இழந்து, பண்ணையைத் தாங்களே பார்த்துக் கொண்டவர்கள். சிகாகோவில் நடக்கவிருந்த உலகக் கண்காட்சியைப் பார்க்கப் பணம் வேண்டும் என்று 1893-ல் சொந்த ஊரில் ஒரு கச்சேரி நடத்தினார்கள். ஊர்க்காரர்கள் தாட்சண்யத்துக்காகக் கை தட்டி வைத்தார்கள். அந்தக் கைதட்டல்தான் வினை. சகோதரிகள் அதை அப்படியே நம்பிவிட்டார்கள்.

அடுத்து ஸீடார் ராப்பிட்ஸ் நகரம். அங்கே தாட்சண்யம் இல்லை. கூச்சலும் கேலியுமாகக் கொட்டகை அதிர்ந்தது. மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை கிழித்துத் தொங்கவிட்டது. சகோதரிகள் பத்திரிகைமேல் அவதூறு வழக்குத் தொடர, விசாரணையையே நாடக மேடையில் வேடிக்கையாக நடத்தி ஊரார் சிரித்தார்கள்.

அப்படி என்னதான் செய்தார்கள்? ஒருவர் பியானோ வாசிப்பார். ஜெஸ்ஸி பெரிய முரசை முழக்கிக்கொண்டே பாடுவார். பிரபலமான மெட்டில் தாங்களே இட்டுக்கட்டிய பாட்டு, தேசபக்தி, நீதிபோதனை. பிறகு ஜெஸ்ஸி சிலுவையைப் பற்றிக்கொண்டு அசையாமல் நிற்கும் பக்திக் காட்சி. அதைப் பார்த்து யாராவது அழவேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

1896 நவம்பர் 16-ந் தேதி நான்கு சகோதரிகள் ஒலிம்பியா மேடை ஏறினார்கள். நியூயார்க் பத்திரிகைகள் ஈவிரக்கம் இல்லாமல் எழுதின. எழுத எழுதக் கூட்டம் பெருகிற்று. முட்டைக்கோஸும் முள்ளங்கியும் மேடையை நோக்கிப் பறந்தன என்றும், உங்கள்மேல் பொறாமை கொண்ட நட்சத்திரங்கள் ஆள் வைத்து வீசுகிறார்கள் என்று ஹாமர்ஸ்டீன் அவர்களைச் சமாதானப்படுத்தினார் என்றும் கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அந்த மனிதருக்குப் பொருத்தமான கதை.

அவருடைய சாமர்த்தியம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். நல்ல நடிகனைக் கூப்பிட்டு மட்டமாக நடி என்றால், ஐந்து நிமிஷம் சிரிக்கலாம். ஆறாவது நிமிஷம் கொட்டாவி வந்துவிடும். மனசார, சிரத்தையாக, நன்றாகச் செய்கிறோம் என்ற நம்பிக்கையோடு மட்டமாகச் செய்கிறவர்கள் வேண்டும். ஹாமர்ஸ்டீன் விற்றது அந்த நம்பிக்கையை. படத்து முதலாளி ஜனங்களின் ரசனையைத் தப்பாகக் கணக்கிட்டு ஜெயிலுக்குப் போனார். நிஜ முதலாளி சரியாகக் கணக்கிட்டார். எது அதிகக் குற்றம் என்று தீர்ப்புச் சொல்ல என்னால் ஆகவில்லை. எனக்கும் முதலில் சிரிப்புத்தானே வந்தது?

ஒலிம்பியாவை அதுவும் காப்பாற்றவில்லை. 1898-ல் கடன்காரர்கள் எடுத்துக் கொண்டார்கள். ஹாமர்ஸ்டீன் அசரவில்லை, மறு வருஷமே வேறு கொட்டகை கட்டினார். சகோதரிகளும் அசராமல் ஊர் ஊராகப் போனார்கள். அயோவாப் பத்திரிகை ஒன்று அவர்களுடைய வயதையும் தோற்றத்தையும் குரலையும் சேர்த்துப் பழித்தபோது, ஆடி செர்ரி 15,000 டாலர் நஷ்ட ஈடு கேட்டு வழக்காடினார். 1901-ல் அயோவா உச்ச நீதிமன்றம் கைவிரித்து விட்டது. மேடையில் தன்னைப் பரிகாசத்துக்கு இடமாக்கிக் கொள்கிறவரைப் பரிகாசம் செய்யப் பத்திரிகைக்கு உரிமை உண்டு என்பது தீர்ப்பின் சாரம். அமெரிக்க விமரிசகர்களுக்கு இன்றும் கவசமாக இருப்பவற்றில் அந்தத் தீர்ப்பும் ஒன்று. என் நாவல்களைப் பற்றி எழுதப்பட்ட சில வரிகளை நினைத்துக் கொண்டால், எனக்கு ஆடி செர்ரியின் பக்கம்தான் மனம் சாய்கிறது.

கடைக்குட்டி ஜெஸ்ஸி 1903-ல் விஷ ஜுரத்தில் இறந்தார். ஆட்டம் அதோடு நின்றது. பிற்காலத்தில் ஆடியும் எஃபியும் ஸீடார் ராப்பிட்ஸில் ரொட்டிக்கடை வைத்துப் பிழைத்தார்கள். எந்த ஊர் முதலில் கூச்சல் போட்டதோ அதே ஊரில் 1920-களில் எஃபி இரண்டு தரம் மேயர் தேர்தலுக்கு நின்று, இரண்டு தரமும் தோற்றார்.

காய்கறி வீச்சுக்குப் பயந்து செர்ரி சகோதரிகள் மேடைக்கு முன்னால் கம்பி வலை கட்டிக்கொண்டு ஆடினார்கள் என்று அமெரிக்கா முழுவதும் ஒரு பேச்சு இருந்தது. வலையே கிடையாது என்று அந்தப் பெண்கள் சாதித்து வந்தார்கள்.